மின்சார பைக்கின் மாற்று கன்ட்ரோலர்: ஒரு வரலாற்றுப் பார்வை

திருத்தணி என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மலைமேல் இருக்கும் முருகன் கோயிலும் அதன் 365 படிகளும்தான். வரலாறு படித்தவர்களுக்கு ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும் நினைவுக்கு வரும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் இது எல்லை ஊர்தான். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஆந்திராவின் நகரி வந்துவிடும்.

மலைமேல் ஏறும் சாலை, பக்கத்திலேயே மாநில எல்லை, பெருநகரம் அல்லாத ஊர். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மின்சார பைக் ஓட்டுகிறவருக்கு ஒருநாள் ஒரு கேள்வி வந்தே தீரும். வண்டியின் கன்ட்ரோலர் எரிந்துபோனால் அதற்குப் பதில் எதை வாங்கிப் போடுவது?

கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் இதற்கான பதில் நூற்றிமுப்பது வருடக் கதை. அந்தக் கதை தெரிந்தால், கன்ட்ரோலர் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்கள் தானாகப் புரிய ஆரம்பிக்கும்!

கன்ட்ரோலர் என்ன செய்கிறது?

பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. சக்கரத்தில் மோட்டார் இருக்கிறது. இரண்டையும் நேராக இணைத்தால் வண்டி எகிறிப் பாயும், அல்லது ஏதாவது ஒன்று எரியும். ஓட்டுபவர் கைப்பிடியை எவ்வளவு முறுக்குகிறாரோ அவ்வளவு மின்சாரத்தை மட்டும் மோட்டாருக்கு அனுப்ப நடுவில் ஒருவர் வேண்டும். அந்த நடுவர்தான் கன்ட்ரோலர். சீட்டுக்கு அடியிலோ கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ, அலுமினியப் பெட்டிக்குள் பத்துப் பதினைந்து வயர்களோடு இருக்கும்.

சென்னை டிராம் சொல்லும் பாடம்

இந்தப் பெயரே டிராம் வண்டிகளின் காலத்தில் புழங்கிய பெயர். 1895 மே 7 அன்று சென்னையில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. அந்தக் காலத்து டிராம் ஓட்டுநரின் முன்னால் உயரமான ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதன் தலையில் ஒரு கைப்பிடி. அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் கன்ட்ரோலர். கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே ஓர் உருளை சுழன்று, ஒவ்வொரு படியாக மின்தடைகளைச் சேர்க்கும், விலக்கும். மெதுவாகப் போக வேண்டுமென்றால் மின்சாரத்தின் ஒரு பங்கு மின்தடையில் வெறும் சூடாக வீணாகும். அன்றைக்கு வேறு நல்ல வழி இல்லை.

அதே 1895-ஆம் வருடம் டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார்! இன்று தெருவில் ஓடும் ஹப் மோட்டார் வண்டிகளின் கொள்ளுப்பாட்டன் அதுதான். ஆனால் அவருடைய மோட்டார் 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது. அவ்வளவு மின்சாரத்தை அடக்கி ஆள, சைக்கிளில் வைக்கக்கூடிய அளவில் கன்ட்ரோலர் அப்போது கிடையாது. மோட்டார் முன்னால் வந்துவிட்டது, கன்ட்ரோலர் பின்தங்கிவிட்டது. சைக்கிளுக்கு அது வந்து சேர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. நடத்திய நிறுவனம் நொடித்துப் போனதே காரணம். நிறுவனம் போனதும் வண்டிகளும் போயின. அந்தப் பெட்டிகளையும் தண்டவாளங்களையும் வேறு யாரும் எடுத்து ஓட்டவில்லை. ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் இயந்திரத்தின் ஆயுள், அந்த நிறுவனத்தின் ஆயுள்தான். இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

மூன்று கண்டுபிடிப்புகள்

கன்ட்ரோலர் கையடக்கமாக மாற, மூன்று வேறு வேறு கண்டுபிடிப்புகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

முதலாவது, 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு. மின்சாரம் ஓடும் ஒரு தகட்டின் அருகே காந்தம் வந்தால், தகட்டின் குறுக்கே ஒரு சிறிய மின்னழுத்தம் தோன்றும். இன்றைய மின்சார பைக்கில் மோட்டாருக்குள் மூன்று ஹால் சென்சார்கள் இருக்கின்றன. காந்தங்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கின்றன என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது இவைதான். முறுக்கும் கைப்பிடிக்குள்ளும் ஒரு ஹால் சென்சார்தான் இருக்கிறது.

இரண்டாவது, மாஸ்ஃபெட். 1959-60-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் முகமது அட்டாலா, டாவோன் காங் இருவரும் உருவாக்கியது. 1970-களின் இறுதியில் பெரிய மின்சாரத்தைத் தாங்கும் மாஸ்ஃபெட்கள் சந்தைக்கு வந்தன. ஒரு விநாடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி விடும் சுவிட்ச் என்று இதைச் சொல்லலாம். பாதி வேகம் வேண்டுமா? பாதி நேரம் மட்டும் திறந்திரு! டிராம் காலத்தைப் போல மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியாக இதை உருவாக்கினார்கள். காந்தம் சிறியதானது, மோட்டாரும் சிறியதானது.

இந்த மூன்றும் சேர்ந்ததும் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் தேவையில்லாமல் போனது. பிரஷ் செய்துவந்த வேலையை, அதாவது எந்த நேரத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் போக வேண்டும் என்று மாற்றிவிடும் வேலையை, கன்ட்ரோலர் எடுத்துக்கொண்டது. அதனால்தான் பிரஷ் மோட்டாருக்கு இரண்டு தடித்த வயர், பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மூன்று தடித்த வயரும் ஐந்து மெல்லிய வயரும். மாற்று கன்ட்ரோலர் தேடுபவர் முதலில் எண்ண வேண்டியது இந்த வயர்களைத்தான்!

சீனாவில் நடந்த அதிசயம்

1998-ல் சீனாவில் விற்ற மின்சார சைக்கிள்கள் ஏறக்குறைய 40 ஆயிரம். 2005-ல் ஏறக்குறைய ஒரு கோடி! பல நகரங்கள் பெட்ரோல் பைக்குகளுக்குத் தடை போட்டதும், 2003-ல் சார்ஸ் நோய்க்குப் பயந்து மக்கள் பேருந்தைத் தவிர்த்ததும் இதற்குக் காரணங்களில் சில.

கன்ட்ரோலரின் கதைக்கு முக்கியமானது வேறு ஒன்று. அங்கே முழு வண்டியையும் செய்த பெரிய நிறுவனம் என்று எதுவும் ஆரம்பத்தில் ஆதிக்கம் செலுத்தவில்லை. ஒருவர் மோட்டார் செய்தார், ஒருவர் கன்ட்ரோலர் செய்தார், இன்னொருவர் எல்லாவற்றையும் வாங்கிப் பூட்டி விற்றார். யாருடைய மோட்டாரும் யாருடைய கன்ட்ரோலரோடும் சேர்ந்து ஓடினால்தான் வியாபாரம் நடக்கும். அதனால் 36 வோல்ட், 48 வோல்ட் என்று அளவுகள் தாமாகவே ஒரே மாதிரி ஆயின. கைப்பிடிக்கு மூன்று வயர், ஹால் சென்சாருக்கு ஐந்து வயர், மோட்டாருக்கு மூன்று வயர் என்பது எழுதப்படாத சட்டமானது.

உள்ளே இருந்த சில்லுகளும் இப்படித்தான் பரவின. ஆரம்ப காலக் கன்ட்ரோலர்களில் மோட்டோரோலாவின் எம்.சி.33035 சில்லு இருந்தது. பிறகு மைக்ரோசிப்பின் பிக் 16எஃப்72 வந்தது. அதற்குப் பின் இன்ஃபினியான் நிறுவனத்தின் சில்லு வந்தபோது, அதை வைத்துச் செய்த கன்ட்ரோலர்களை உலகம் முழுவதும் 'இன்ஃபினியான் கன்ட்ரோலர்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். உள்ளே இருக்கும் சில்லு மட்டும்தான் அந்த நிறுவனத்துடையது, பெட்டி வேறு யாரோ செய்தது!

இந்தியாவுக்கு வந்த வண்டிகள்

தென்னிந்தியாவில் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 1993-ல் 'லவ்பேர்ட்' என்ற மின்சாரக் கார் வெளிவந்தது. கேரளாவின் சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ். பெயரிலேயே கன்ட்ரோல் இருக்கிறது! கார் நிலைக்கவில்லை.

2005-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மோட்டார் 250 வாட்டுக்கும் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவு, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்கு மேல் இல்லை என்றால், அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். இதையடுத்து யோ பைக், ஹீரோ எலெக்ட்ரிக், டி.வி.எஸ்.ஸின் மின்சார ஸ்கூட்டி என்று வரிசையாக வந்தன. உதிரிபாகங்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வந்தது.

2008-ல் கோவையில் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் வேறு வழியில் போனது. மோட்டார், சார்ஜர், கன்ட்ரோலர் ஆகியவற்றை இங்கேயே செய்ய முயன்ற முதல் சில நிறுவனங்களில் அதுவும் ஒன்று. 2018-ல் அதை கிரீவ்ஸ் காட்டன் வாங்கியது. 2021-ல் ராணிப்பேட்டையில் பெரிய தொழிற்சாலை திறந்தது. திருத்தணியிலிருந்து ராணிப்பேட்டை அதிக தூரமில்லை.

நடுவில் ஒரு பஞ்சகாலம் வந்தது. 2010-ல் மத்திய அரசு அறிவித்த மானியம் 2012 மார்ச்சோடு முடிந்தது. தமிழ்நாட்டில் அதே 2012-ல்தான் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு. சார்ஜ் போடவே கரன்ட் இல்லாதபோது மின்சார பைக்கை யார் வாங்குவார்கள்? விற்பனை சரிந்தது. பல சிறிய நிறுவனங்கள் காணாமல் போயின. பெரிய பெயர்களுக்கும் பாதுகாப்பில்லை. ஒரு காலத்தில் நாட்டின் முன்னணியில் இருந்த ஹீரோ எலெக்ட்ரிக் மீதே 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது.

டிராமுக்கு நடந்தது இந்த வண்டிகளுக்கும் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. காரணம் அந்த எழுதப்படாத சட்டம்தான். செய்த நிறுவனம் மறைந்த பிறகும், வேறு யாரோ செய்த கன்ட்ரோலர் அந்த வண்டியில் பொருந்துகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ வாங்கி உள்ளூர் மெக்கானிக்கே மாட்டிவிடலாம்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில், எரிந்தது கன்ட்ரோலர்தானா என்று பார்க்க வேண்டும். வண்டியை அணைத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் விட்டு விட்டு இறுக்கிப் பிடிக்கிறதா? மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களைக் கழற்றியதும் லேசாகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் உள்ளே மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. கைப்பிடியோ, பிரேக் சுவிட்சோ, மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சாரோ கெட்டுப்போய், நல்ல கன்ட்ரோலரை மாற்றுவதும் உண்டு. கைப்பிடியின் சிக்னல் வயரில் ஏறக்குறைய 1 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை ஏறி இறங்க வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இதைச் சொல்லிவிடும்.

அடுத்தது வோல்ட். 12 வோல்ட் ஈய பேட்டரி மூன்று என்றால் 36, நான்கு என்றால் 48, ஐந்து என்றால் 60. இதில் சமரசமே கூடாது. 48 வோல்ட் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் 63 வோல்ட் வரைதான் தாங்கும். ஐந்தாவது பேட்டரியைச் சேர்த்தால் வேகம் கூடும் என்று ஆசைப்பட்டால், முழு சார்ஜில் அந்த எல்லை தாண்டிவிடும். பிறகு டப்பென்று ஒரு சத்தம்தான்! பேட்டரி எந்த அளவுக்குக் கீழே போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற அளவும் உண்டு. 48 வோல்ட் ஈய பேட்டரிக்கு அது 42 வோல்ட். ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போட்டவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது ஆம்பியர். பெட்டியில் 250 வாட் என்று இருக்கும், பக்கத்திலேயே 15 ஆம்பியர் என்றும் இருக்கும். 48-ஐ 15-ஆல் பெருக்கினால் 720 வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 250 என்பது தொடர்ந்து தாங்கும் அளவு, 15 ஆம்பியர் என்பது ஏற்றத்தில் சில நேரம் மட்டும் தொடும் உச்சம். பழைய கன்ட்ரோலரின் எண்ணும் புதியதின் எண்ணும் ஒன்றாக இருப்பதே நல்லது.

நான்காவது வயர்களின் நிறம். ஹால் வயர்களும் மோட்டார் வயர்களும் மஞ்சள், பச்சை, நீலம் என்று இருக்கும். மஞ்சளோடு மஞ்சள் சேர்த்தால் போதும் என்பது தவறு. ஒரு நிறுவனத்தின் மஞ்சள் இன்னொரு நிறுவனத்தின் பச்சையாக இருக்கலாம். மொத்தம் 36 விதமாகச் சேர்க்கலாம், அதில் மூன்றுதான் வண்டியைச் சீராக முன்னால் ஓட்டும். புதிய கன்ட்ரோலர்கள் பலவற்றில் இதற்கென்றே இரண்டு வயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைத்தால் கன்ட்ரோலர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துத் தானே வரிசையைக் கற்றுக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடினாலும் வாங்கத் தக்கது இதுதான்.

ஏற்றமும் எல்லையும்

மலைச்சாலை உள்ள ஊரில் எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்று. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், பெரியதாகவே போட்டுவிட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ வண்டி, 70 கிலோ ஆள். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற மட்டுமே ஏறக்குறைய 265 வாட் தேவை. பின்னால் 60 கிலோ எடையுள்ள இன்னொருவர் உட்கார்ந்தால் 390 வாட்டை நெருங்கும். அதாவது ஒருவர் ஏறும்போதே 250 வாட் மோட்டார் தன் எல்லையில் நிற்கிறது. 15 ஆம்பியருக்குப் பதில் 30 ஆம்பியர் கன்ட்ரோலர் போட்டால் இழுவை கூடுவது உண்மை. ஆனால் மின்சாரம் இரண்டு மடங்கானால் மோட்டார் சுருளில் சூடு நான்கு மடங்காகும். கன்ட்ரோலர் தப்பித்துக்கொள்ளும், மோட்டார் எரியும். அடுத்து மோட்டார் வாங்க வேண்டியதுதான்!

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மாற்றிய பிறகு வண்டி 25 கிலோமீட்டரைத் தாண்டினால் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், காப்பீடு வேண்டும், உரிமம் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் அது சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். 2023-ல் கேரளாவில் போக்குவரத்துத் துறையினர் கடைகளில் சோதனை செய்து, இப்படி வேகம் கூட்டி விற்ற ஸ்கூட்டர்கள் மீது நடவடிக்கை எடுத்தார்கள். பதிவெண் இல்லாத வண்டி எல்லை தாண்டி நகரிக்குப் போய்வருவது அந்த 250 வாட் சலுகையால்தான். அந்தச் சலுகையை ஒரு கன்ட்ரோலர் மாற்றத்தில் இழந்துவிடலாம். ஒரு விபத்து நடந்தால் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கக் காப்பீட்டு நிறுவனம் என்று ஒன்றே இருக்காது.

மீண்டும் டிராம் காலமா?

2018-க்குப் பிறகு வந்த வண்டிகளில் நிலைமை மாறிவருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் முன்னாள் மாணவர்கள் 2013-ல் தொடங்கிய ஏத்தர் ஓசூரிலும், ஓலா போச்சம்பள்ளியிலும் ஸ்கூட்டர்களைச் செய்கின்றன. இந்தத் தலைமுறை வண்டிகளில் கன்ட்ரோலரும் பேட்டரியும் திரையும் மென்பொருள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. வண்டி பாதுகாப்பாகவும் சீராகவும் ஓட இது உதவுகிறது. அதே சமயம், வெளியிலிருந்து வாங்கிய கன்ட்ரோலரை மாட்டினால் மற்ற பாகங்கள் அதோடு பேசாது. எட்டு வயரில் இருந்த சுதந்திரம் முடிந்துவிட்டது.

நிறுவனம் நன்றாக நடக்கும்வரை இதில் சிக்கலில்லை. நிறுவனம் மூடினால்? 1953-ல் சென்னை டிராமுக்கு நடந்ததுதான் நடக்கும். மத்திய அரசு 2022-ல் பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது நல்ல ஆரம்பம். ஆனால் மாற்று கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சட்டமாகக் கையில் வரும்வரை, வண்டி வாங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது: 'இதன் கன்ட்ரோலர் போனால் இந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாரிடம் கிடைக்கும்?' வேகம், மைலேஜ், கலர் எல்லாம் அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.